நான் சுரண்டிய பாலம்

எங்கள் ஊர்ப் பாலத்தை நான்தான் உடைத்தேன் என்று சொல்லித் திரிகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. உடைக்கவில்லை, சுரண்டினேன். உடைப்பதற்கு அதில் என்ன மிச்சம் இருந்தது? பட்டப்பகலில், மெம்பர் பார்க்க, சபைக்காரர்கள் பார்க்க, கோயில் கமிட்டிக்காரர்கள் பார்க்க, கையில் சுத்தியலோடு நின்று சுரண்டினேன். யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். மில் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது. மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

மில் என்றால் மாவு மில். புட்டுக்கு அரிசி, மீன்குழம்புக்கு மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் பொடித்துக் கொடுப்பேன். மில்லுக்கு அடுத்தாற்போல் ரோடு சரிந்து இறங்கும். அந்தச் சரிவின் அடியில் ஒரு தோடு, அதாவது ஓடை. அதன் மேலேதான் அந்த கான்கிரீட் பாலம். பெரிய பாலம் ஒன்றும் இல்லை. ஒரு ஆட்டோ ஏறினால் எதிரே வருகிற பைக்குக்காரன் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஆனாலும் காரக்கோணம் போக எங்களுக்கு அதுதான் வழி. அதை விட்டால் பனச்சமூடு சுற்ற வேண்டும். சந்தை நேரத்தில் அந்த ஜங்ஷனில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், தமிழ்நாடு, கேரளம் என்று இரண்டு மாநிலத்து வண்டிகளும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்று ஹார்ன் அடிப்பதை.

காரக்கோணத்தில் என்ன அவ்வளவு அவசரம் என்றால், ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். ஊரையே குளிரவைத்துவிட்டு, தன் சிறுநீரகம் இரண்டையும் வெயிலில் காயவிட்டு வந்தார் என்று நான் கேலி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். போகும்போது உடம்பில் நீர் ஏறி மூச்சு வாங்கும். வரும்போது கழுவிப் பிழிந்த துணி மாதிரி துவண்டு என் தோளில் சாய்ந்திருப்பார். ஒரு முறை தவறினாலும் ஆபத்து என்று டாக்டர் என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆக, ஊரில் மற்றவர்களுக்கு அது ஒரு பாலம். எனக்கு என் புருஷனுடைய உயிர் ஒன்றுவிட்டு ஒரு நாள் அதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பாலத்தைக் கெடுத்தவை லாரிகள். பெரிய ரோட்டில் சோதனை உண்டு, எடை பார்ப்பார்கள். அதற்குப் பயந்து பாறைக்கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் விடிகிற நேரத்தில் எங்கள் ஊருக்குள் புகுந்து போகும். லாரி பாலத்தில் ஏறுகிறதென்று நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மில்லில் தட்டில் குவித்து வைத்த மாவு தானாகச் சரியும். நான் வாசலில் வந்து நின்று என் வாயில் வருகிறதையெல்லாம் சொல்வேன். கல் ஏற்றிப் போகிறவனுக்கு அது கேட்குமா?

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி உண்டு. கோயில் கமிட்டிக் குடும்பம், எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. பாலத்துக்கு அடியில் நின்றுதான் துணி அலசுவாள். ஒரு நாள் ஈரப்புடவையோடு மில்லுக்குள் வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் வாளி. அதற்குள் கை அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பத்தை.

"யக்கா, இஞ்ச பாத்தியளா? பாலம் எனக்க வாளியில விழுந்து கெடக்கு."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாலத்தின் அடிவயிறு பொரிந்து போயிருந்தது. கம்பிகள் துருப்பிடித்து வீங்கி வெளியே தெரிந்தன. அன்றைக்குச் சாயங்காலமே மனு எழுதினோம். ஊர் கேரள எல்லைக்குள் இருப்பதால் மனு மலையாளத்தில், அதை வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களைத் திட்டியது தமிழில். எங்கள் ஊரில் இரண்டு பாஷையும் இருப்பதில் இப்படி ஒரு சவுகரியம்.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் ஊரில் மிஷன் காலத்துச் சபை ஒன்று உண்டு, கோயில் ஒன்று உண்டு. இரண்டுக்கும் சண்டை கிடையாது. போட்டி உண்டு. கிறிஸ்துமசுக்கு முன்னால் சபை வாலிபர்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் அதற்கு மேலே இன்னொரு பூச்சு. எங்கே வெடிப்பு தெரிகிறதோ அங்கே சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டு அடிப்பார்கள். விருந்தாளி வருகிற வழி அசிங்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே தள்ளுகிற ஜனம் நாங்கள். நல்ல குணம்தான். அந்த நல்ல குணம்தான் எங்களைக் கவிழ்த்தது.

மனுக்கள் போய்ப் போய் ஒரு வழியாக, பாலத்தைப் பார்வையிட என்ஜினீயர் வருகிறார் என்று மெம்பர் சொன்னார். எங்கள் வார்டு மெம்பர் கெட்டவர் இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவார். யார் வீட்டில் சாவென்றாலும் முதலில் வந்து பந்தலுக்குக் கயிறு கட்டுகிறவர். செய்தி கேட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கிலோ புட்டுமாவை ஓசியில் அரைத்துக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜினீயர் வருவதற்கு முந்தின நாள் எங்களுக்கு டயாலிசிஸ். சாயங்காலம் திரும்பி வரும்போது பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோக்காரர் வண்டியைப் பைய நிறுத்தினார். எங்களை எப்போதும் கொண்டுபோகிறவர் அவர்தான்.

"மாமி, பாருங்க. கல்யாண வீடு மாதிரியாக்கும் நிக்குது."

பார்த்தேன். கர்த்தாவே! கைப்பிடிச் சுவர் முழுக்கப் பளீரென்று வெள்ளை, மேலே ஓரத்தில் நீலக்கரை. இரண்டு முனையிலும் குருத்தோலைத் தோரணம். ரோட்டில் இருந்த குழியெல்லாம் சிமெண்ட் போட்டு மெழுகியிருந்தது. புல்லையும் செடியையும் செதுக்கி ஓரமெல்லாம் துப்புரவு. வாழ்நாளில் முதல்முறையாகச் சபையும் கோயிலும் சேர்ந்து அடித்த வெள்ளை. பக்கத்து வீட்டுக்காரி கையெல்லாம் நீலப் பெயிண்டோடு ஓடிவந்தாள்.

"எப்பிடி இருக்கு யக்கா? நீலக்கரை நானாக்கும் அடிச்சேன்."

"எட்டி, ஒனக்குப் புத்தி உண்டா? டாக்டரு வாறாருன்னு சொன்னா நோயாளிக்குப் பவுடர் போட்டு நிறுத்துவியா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. "என்ஜினீயரு, பெரிய சாறு, வரும்போ நாணக்கேடா இருக்கப்பிடாதுல்லா யக்கா" என்றாள்.

"அடியில?"

"அடியிலயும் பூசியாச்சு. நாலு பேரு ஏணி போட்டு நின்னு பூசினாவ. ஒரு கம்பி வெளிய தெரியாது."

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். அன்றைக்கே சுத்தியலை எடுத்திருப்பேன். ஆனால் என் தோளில் ஒரு ஆள் துவண்டு கிடந்தார். அவரை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுக்கவே பொழுது போனது.

மறுநாள் காலையில் என்ஜினீயர் வந்தார். இளவயசு, மரியாதையான பையன். பாலத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு விரிப்பு விரித்து இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். ஏத்தன்பழம், அதாவது நேந்திரம்பழம், பொரித்தது ஒரு தட்டு நிறைய. சாப்பிட்டார். பாலத்தின் மேல் நடந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். "நன்னாயிட்டு நோக்குந்நுண்டல்லோ" என்றார். நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று பாராட்டு! நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"சாறே, மேல பாக்காண்டாம். கீழ எறங்கிப் பாருங்க."

அவர் பாசி பிடித்த படியைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். அங்கே என்ன தெரியும்? புதுச் சிமெண்ட் தெரிந்தது.

"அது நேத்து பூசினது சாறே. அதுக்கு உள்ள கம்பி எல்லாம் போச்சு."

"சேச்சி, இப்போ பேடிக்கான் ஒந்நுமில்ல" என்றார், பயப்பட ஒன்றும் இல்லையாம். அதைக் கேட்டு எங்கள் ஜனம் கை தட்டியது. கேட்டீர்களா, கை தட்டியது! தங்கள் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் பாஸானது போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை, மூக்கெல்லாம் எரிந்தது.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. பாலத்துக்கு உடனடியாக ஒன்றும் தேவையில்லை. மெம்பர் மில்லில் வந்து சொன்னார். நான் மில்லை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"அப்போ நீரே சொல்லும், அந்தச் சுண்ணாம்பச் சொரண்டிட்டு மறுபடியும் கூப்பிடலாமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மெல்லப் பேசுங்க. கம்பி தெரிஞ்சா அவன் செய்யப்போறது என்னன்னு நெனச்சிய? புதுப் பாலம் கெட்டுவானா? வண்டி போகப்பிடாதுன்னு அடச்சு வச்சிட்டுப் போயிருவான். அடச்சா பின்ன எப்போ தொறப்பான்னு ஆருக்குத் தெரியும்? எனக்க வார்டு ரெண்டாப் போவும். ஒங்களுக்குத்தான் மொதல்ல கஷ்டம். அண்ணனக் கொண்டு எப்பிடிப் போவிய?"

அவர் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. என் புருஷனைக் காட்டி என் வாயை அடைக்கிறார். அன்று மத்தியானம் வீட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து, டாக்டர் சொன்ன அளவில் அளந்து வைத்த தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அடச்சா நமக்குத்தான் மொதல்ல கஷ்டமாம்" என்றேன்.

"விழுந்தாலும் நமக்குத்தான் மொதல்ல" என்றார். "ஊருல அதுல அதிகமாப் போறதும் வாறதும் ஆரு? நானும் நீயும் அந்த ஆட்டோக்காரனும். ரெண்டு சிறுநீரகமும் போய்ப் பொழச்சுக் கெடக்கேன். தோட்டுல விழுந்து சாவணுமா பிள்ளே?"

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒனக்கு அதச் சொரண்டணும்னு தோணுச்சுன்னா சொரண்டு. ஆருகிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத" என்றார்.

என் மில்லில் பழைய கல் எந்திரம் ஒன்றும் உண்டு. கல் தேய்ந்தால் கொத்திவிட வேண்டும். அதற்கு உளியும் சுத்தியலும் வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போய், ஊர் ஜனம் வேலைக்குப் புறப்படுகிற நேரமாகப் பார்த்து அவற்றை எடுத்துக்கொண்டு போனேன். யாரும் பார்க்காத நேரத்தில் செய்ய நான் என்ன திருடியா? படியில் குந்தியபடி இறங்கி, தோட்டில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, கைக்கு எட்டிய இடத்தில் உளியை வைத்து ஒரு போடு போட்டேன். புதுப் பூச்சு அப்படியே பாளமாகக் கழன்று விழுந்தது. பின்னாலேயே பழைய கான்கிரீட்டும் பொலபொலவென்று கொட்டியது. நான் பின்னால் துள்ளி நனைந்து போனேன். மேலே கூட்டம் கூடிவிட்டது.

மெம்பர் ஓடிவந்தார். "அக்கா, என்ன செய்யிய? இது பொதுமுதல், சர்க்காரு சொத்தாக்கும்! பொதுமுதல நசிப்பிச்சா கேஸ் வரும்!"

"வரட்டு. பொதுமுதல் எது? இந்தச் சுண்ணாம்பா? இது சபையும் கோயிலும் பணம் பிரிவெடுத்து அடிச்சது. சபையில எனக்கும் பங்கு உண்டு. எனக்க பங்க நான் சொரண்டி எடுக்கேன். ஒமக்கு என்ன சேதம்?"

"ஒங்க பங்கு அம்மட்டும் எடுத்தாச்சு, கேறி வாங்க" என்றார் சபைக் கமிட்டியில் ஒருவர். சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இன்னொரு போடு போட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி படியில் இறங்கி வருவதைப் பார்த்தேன். கையில் வெட்டுக்கத்தி. புடவையை எடுத்துச் செருகியிருந்தாள். நான் திட்டியதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவே இல்லை. என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீலக்கரை நான் அடிச்சது. அத நானே எடுக்கேன். ஆரும் மறுத்துப் பேசாண்டாம்."

படியோரத்தில் சுவர் தாழ்ந்து வருகிற இடத்தில் எட்டி நின்று சுரண்டினாள். நீலம் போனது, வெள்ளை போனது, அதற்கு அடியில் போன வருஷத்து வெள்ளை, அதற்கும் அடியில் ஒரு காவிப் பூச்சு. எத்தனை பண்டிகை, எத்தனை திருவிழா! கடைசியில் கை நுழைகிற அளவு வெடிப்பு. அவள் மாமியார் மேலே நின்று, "எட்டி, கேறி வாட்டி" என்று கத்தினார். அவள் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னும் சில பெண்கள் இறங்கினார்கள். பூசினவர்களில் ஒருவர் தன் ஏணியையே எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தேன். துரு அடுக்கடுக்காகக் கழன்று, உள்ளே ஒரு ஈர்க்குச்சி அளவுக்குத்தான் இரும்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டார்கள். தலை கலைந்து, உடம்பெல்லாம் சிமெண்ட் தூள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது.

அந்தப் போட்டோ எங்கெங்கோ போய் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். இந்த முறை மேசையும் இல்லை, இளநீரும் இல்லை. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தோட்டில் இறங்கினார். ஏறி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அன்றைக்கே பாலத்தின் இரண்டு முனையிலும் மண் நிரப்பிய தார் டிரம்களை வைத்து அடைத்தார்கள். ஆள் நடந்து போகலாம், வண்டி கூடாது.

மெம்பர் சொன்னது அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? பள்ளிக்கூட வேன் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், பிள்ளைகள் நடக்க வேண்டும். ரப்பர்ஷீட் வண்டி சுற்றிப் போக வேண்டும். "ஒரு பொம்பள நெனச்சா ஊருக்க வழியையே அடச்சுப் போடலாம், பாத்தியா?" என்று என் காது படவே பேசினார்கள். "ஒனக்க பிள்ள தோட்டுல கெடக்காம நடந்து போறாம்லா, அதுக்கு என்னத் திட்டு" என்று நானும் விடவில்லை. அக்கரைக்காரர்கள் வேறு மில்லுக்குப் போக ஆரம்பித்தார்கள். போகட்டும். அவர்கள் அரைக்கிற மிளகாயில் என்ன கலக்கிறார்கள் என்று அவர்களுக்கே ஒரு நாள் தெரியும்.

எங்கள் பாடும் லேசாக இல்லை. ஆட்டோவில் பாலம் வரை வந்து, அவரைப் பிடித்து நடத்திக் கடந்து, அந்தப் பக்கம் வேறு ஆட்டோ. திரும்பும்போது கால் வராது. பாதிப் பாலத்தில் நின்று மூச்சு வாங்குவார். நான் அவரைத் தாங்கிக்கொண்டு நிற்பேன். எங்களைப் பார்க்கிறவர்கள் கண்ணில், தானே வரவழைத்துக்கொண்டது என்று எழுதியிருக்கும். நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். உள்ளே அழுதேன், அது வேறு.

டிரம்மை உருட்ட ஆரம்பித்தது ஒரு கல்யாணக் காருக்காக. பெண் பட்டுப்புடவையோடு வெயிலில் நடக்க முடியுமா? நல்ல காரணம். பிறகு கோயிலுக்கு வந்த செண்டைமேளக்காரர்களின் வேன். பிறகு ரப்பர்ஷீட் வண்டி, மழை வருகிறது என்று. ஒவ்வொரு முறையும் நான் ஓடிப் போய்ச் சண்டை போடுவேன். "ஒரு தடவதானே அக்கா" என்பார் மெம்பர். எல்லாருடைய காரணமும் நல்ல காரணம்தான். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை பழையபடி என் தட்டில் மாவு சரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கல் ஏற்றிய டாரஸ் லாரி அக்கரையில் ஏறிப் போகிறது. டிரம்கள் ஓரத்தில் கிடக்கின்றன. பாலத்தின் நடுவில் ரோட்டிலேயே வெடிப்பு விழுந்திருந்தது. யார் உருட்டியது என்று கேட்டால் யாரும் இல்லை. சத்தம் போட்டு ஆள் கூட்டி டிரம்களைத் திரும்ப உருட்டி வைத்தேன். அந்த வெடிப்பின் மேல் என் வீட்டுக்காரரை நடத்திக்கொண்டு போக வேண்டுமே.

அடுத்த வாரம் அந்த நாள் வந்தது. முந்தின நாள் அவர் குடித்த தண்ணீர் அளவு மீறிவிட்டது. காலையில் எழுந்தபோது உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆட்டோக்காரர் வந்து தூக்கி ஏற்றினார். பனச்சமூடு சுற்றிப் போக நேரம் கிடையாது. நேராகப் பாலத்துக்கு வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சாயாக்கடையில் நின்றவர்கள் அவரைப் பார்த்ததும் நாங்கள் ஒன்றும் கேட்காமலே ஓடிவந்து டிரம்மில் கை வைத்தார்கள். மெம்பரும் அவர்களில் இருந்தார்.

"அக்கா, இது எமர்ஜென்சியாக்கும். வண்டி அப்பிடியே போவட்டு. ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

அந்த நேரத்தில் என் மனது என்ன சொன்னது என்று மறைக்காமல் சொல்கிறேன். போ என்று சொன்னது. ஒரு ஆட்டோதானே, விழாது, போ. இவரைவிட நல்ல காரணம் யாருக்கு உண்டு? அந்தக் காரணம்தான் என்னைத் தடுத்தது. இவருக்காக இன்று இந்த டிரம் உருண்டால், நாளைக்கு எவன் வந்து எதைச் சொன்னாலும் எனக்குப் பேச வாய் இருக்காது. லாரிக்காரன் சிரித்துக்கொண்டே போவான். பிறகு ஒரு நாள் அது விழும். அன்றைக்கு அதன் மேல் யார் வீட்டுப் பிள்ளைகள் நடந்துகொண்டிருப்பார்களோ.

"தொடப்பிடாது! டிரம்ம விடு!" என்று கத்தினேன்.

"ஒங்களுக்கென்ன பிராந்தா?" என்றார் மெம்பர். "மனுசன் சாவக் கெடக்காரு!"

நான் ஆட்டோவில் இருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவரால் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்து இறுக்கினார். வாயைத் திறந்து மூச்சுக்கு மூச்சு ஒரு எழுத்தாகச் சொன்னார்.

"கசேரை."

சாயாக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். அவரை உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். கசேரையின் ஒரு காலை மெம்பர் பிடித்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே. ஆட்டோக்காரர் ஃபோன் பண்ணி அக்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தார். நான் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே கூட ஓடினேன். அந்தப் பாலம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், நானே சொல்வேன். அதை நினைத்துக்கொண்டேதான் ஓடினேன்.

சாகவில்லை. ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜனை வைத்து நேராக மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். நீரை எடுக்க எடுக்க உதட்டில் நிறம் வந்தது. சாயங்காலம் கண்ணைத் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "கசேரையத் திருப்பிக் குடுத்தாச்சா?" என்பது. நான் அவர் கையில் முகத்தை வைத்து நன்றாக அழுதேன். ராத்திரி அங்கேயே வைத்திருந்து மறுநாள் மத்தியானம் விட்டார்கள்.

திரும்பி வந்து பாலத்துக்கு அக்கரையில் ஆட்டோ நின்றபோது வழி அடைந்து கிடந்தது. கல் ஏற்றிய ஒரு டாரஸ் டிரம்முக்கு முன்னால் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் எங்கள் ஊர் ஆட்கள். கசேரையோடு எங்களுக்காகத்தான் வந்து காத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் குடையோடு நின்றாள். டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். போன வாரம் திறந்தார்களாம், இன்றைக்கு மட்டும் என்ன, அவனுக்கும் லோடு இறக்க நேரமாகிறதாம், ஒரு தடவைதானாம். ஒருத்தரும் அசையவில்லை. அவரைக் கசேரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு லாரியின் முன்பக்கத்தை உரசுகிற மாதிரி கடந்தோம். மெம்பர் தன் பக்கத்துக் காலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். டிரம்மின் மேல் கையை ஊன்றி நின்று டிரைவரைப் பார்த்துக் கேட்டார்.

"லேய், அந்தா கசேரையில போறாருல்லா, சாவக் கெடந்த அந்த மனுசனுக்கே நேத்து இதுல வண்டி விடல்ல. ஒனக்க கல்லுக்கு விடுவோமோலே?"